புணை

திருப்பதி மாவட்டத்தின் நிலப்படத்தை விரித்துப் பாருங்கள். மேற்கே சேஷாசல மலைத்தொடர், கிழக்கே வங்கக்கடல். இந்தக் கிழக்கு எல்லை புதியது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் ஆந்திர மாநிலத்தின் மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது, நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கூடூர், நாயுடுப்பேட்டை, சூளூர்ப்பேட்டைப் பகுதிகள் திருப்பதியோடு இணைந்தன. அதுவரை சித்தூர் மாவட்டத்துக்குள் இருந்த திருப்பதி மக்களுக்குச் சொந்த மாவட்டத்தில் கடல் இல்லை. இன்று ஸ்ரீஹரிகோட்டாவும் துபிலிபாளையம் கடற்கரையும் அவர்களுடையவை. சித்தூர் மாவட்டம் மட்டும் முன்போலவே மலையும் மாந்தோப்புமாக உள்நாட்டில் நிற்கிறது.

தேவாரம் போற்றும் பொன்முகலி ஆற்றை இன்று சுவர்ணமுகி என்கிறோம். அவ்வாறு திருப்பதியின் அருகே ஓடி, திருக்காளத்திக் கோயிலைத் தொட்டு, கடலை அடைகிறது. ஆறு சென்ற வழியில் நாமும் கடல்வரை செல்வோம்.

நமக்குப் பழகிய நீர்நிலைகள் வேறு. திருமலையில் சுவாமி புஷ்கரணி, மலையடிவாரத்தில் கபில தீர்த்தம், காட்டுக்குள் தலகோனா அருவி ஆகியவற்றுக்கு எல்லை உண்டு. குளத்தில் இறங்கப் படிக்கட்டு உண்டு. எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியும். கடலுக்குப் படிக்கட்டும் இல்லை, எதிர்க்கரையும் இல்லை. நேற்று முழங்காலளவு இருந்த இடம் இன்று கழுத்தளவு ஆகலாம். அத்தகைய கடலில் நாள்தோறும் விடியற்காலையில் சேர்ந்து நீந்தும் மனிதர்கள் உலகில் இருக்கிறார்கள். அவர்களுடைய தோழமையைப் பற்றியது இப்பாடம்.

பாடத்தின் தலைப்பாகிய ‘புணை’ ஒரு பழைய தமிழ்ச்சொல். நீரைக் கடக்க உதவும் மிதவை, தெப்பம் என்பன அதன் பொருள்கள். துணை என்றும், ஒருவருக்காக மற்றொருவர் ஏற்கும் பொறுப்பு என்றும் அப்பொருள் விரியும். சங்கப் பாடல்களில் புதுப்புனலாடுவோர் வேழத்தண்டுகளாலான புணையைத் தழுவி நீந்துகின்றனர். வேழம் என்பது ஆற்றங்கரையில் வளரும் கொறுக்கை. அதன் தண்டு உள்ளே துளையுடையது, ஆதலால் மிதக்கும். வள்ளுவரோ வெகுளாமை அதிகாரத்தில் சுற்றத்தாரையே பாதுகாப்பான புணையாக உருவகம் செய்து, சினம் அப்புணையை எரித்துவிடும் என்று எச்சரிக்கிறார். மிதக்கும் பொருளுக்கும் தாங்கும் மனிதருக்கும் ஒரே சொல்லை வழங்கியவர்கள் ஆற்று வெள்ளத்தில் இறங்கிப் பழகியவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

நம் கடற்கரை மீனவரின் கட்டுமரமும் ஒரு புணையே. தனி மரம் நீரில் உருளும்; அதன்மேல் நிற்க முடியாது. சில மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டினால் அலைமேல் நிற்கலாம், வலை வீசலாம். கரை சேர்ந்தபின் கட்டை அவிழ்த்து மரங்களை வெயிலில் உலர்த்துவார்கள். ஆங்கிலேயர் இச்சொல்லை ‘காட்டமரான்’ என்று எடுத்துச் சென்றனர். இப்போது அவர்கள் அப்பெயரால் குறிப்பது இரட்டை உடல்கொண்ட நவீனப் படகை. சொல் மாறாமல் சென்றது, கயிறுதான் காணாமற்போயிற்று!

கடல் நீச்சல் என்றதும் நம் நினைவுக்கு வருவது தனிமனித வீரம். தமிழ்நாட்டையும் இலங்கையையும் பிரிக்கும் பாக் நீரிணை அத்தகைய வீரத்துக்குப் பெயர்பெற்ற களம். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். 1954-இல் யாழ்ப்பாணப் பகுதியைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி இந்நீரிணையை நீந்திக் கடந்தார். 1966-இல் வங்காளத்தைச் சேர்ந்த மிகிர் சென் 25 மணி நேரத்துக்கும் மேலாக நீந்தி இக்கரை சேர்ந்தார். 1971-இல் வல்வெட்டித்துறையில் பிறந்த குமார் ஆனந்தன் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி வந்து, வந்த வழியே நீந்தித் திரும்பினார். 51 மணி நேரம் ஆயிற்று. மக்கள் அவரை ‘ஆழிக்குமரன்’ என்று அழைத்தனர். 1994-இல் சென்னைச் சிறுவன் குற்றாலீசுவரன் தம் பன்னிரண்டாம் வயதில் இதே நீரிணையைக் கடந்தார். அவ்வாண்டிலேயே ஆங்கிலக் கால்வாய் உள்ளிட்ட ஆறு கடல்வழிகளை நீந்தி முடித்து, ஒரே ஆண்டில் ஐந்தினைக் கடந்திருந்த மிகிர் சென்னின் சாதனையை விஞ்சினார்.

நம் ஆந்திரத்தின் சாமர்லகோட்டாவைச் சேர்ந்த கோலி சியாமளாவின் கதை மற்றொரு வகை. நீரைக் கண்டால் அஞ்சியவர் அவர். அந்த அச்சத்தைப் போக்கிக்கொள்ளவே நாற்பது வயதுக்கு மேல் நீச்சல் கற்றார். 2021 மார்ச்சில் பாக் நீரிணையை 13 மணி 43 நிமிடத்தில் கடந்தார். 2025 சனவரியில், விசாகப்பட்டினத்திலிருந்து காக்கிநாடா வரை ஏறத்தாழ 150 கிலோமீட்டரை நாளுக்குச் சிறிது சிறிதாக நீந்தி முடித்தபோது அவருக்கு வயது 52. 2022 மார்ச்சில் ஜியா ராய் என்னும் பதின்மூன்று வயதுச் சிறுமி தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 13 மணி 10 நிமிடத்தில் நீந்தி வந்தார். அவர் ஆட்டிசம் உடையவர். பேச்சு அவருக்கு எளிதில் வராது. நீரில் அவருக்குத் தடை இல்லை.

இவர்களைப் பற்றிய செய்திகளில் ‘தனியாக நீந்திக் கடந்தார்’ என்னும் தொடர் தவறாமல் வரும். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. ஒவ்வொருவர் அருகிலும் ஒரு படகு சென்றது. மிகிர் சென்னுடன் இந்தியக் கடற்படைக் கப்பல்களே சென்றன. படகில் பயிற்சியாளர் இருப்பார். விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று குறித்துக்கொள்ளும் பார்வையாளர் இருப்பார். நீரோட்டம் எந்த நாழிகையில் எந்தப் பக்கம் திரும்பும் என்று அறிந்த மாலுமி இருப்பார். சென்னைப் பகுதி மீனவர்கள் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை வன்னி என்றும் பெயரிட்டு வேறுபடுத்துகின்றனர். நீந்துபவர் கைகளை வீசுகிறார். எந்தத் திசையில் வீசினால் கரை கிடைக்கும் என்பதைப் படகில் இருப்பவர் சொல்கிறார்.

இந்நீச்சலுக்கு ஒரு கடுமையான விதி உண்டு. கடக்கும்வரை நீச்சலாளர் படகைத் தொடக் கூடாது; படகிலுள்ளவர் நீச்சலாளரைத் தாங்கக் கூடாது. ஒரு விரல் பிடித்தாலும் முயற்சி தள்ளுபடியாகும். ஆகவே உணவையும் நீரையும் நீண்ட கோலின் நுனியிலோ கயிற்றிலோ கட்டி நீட்டுகிறார்கள். அவர் மிதந்தபடியே பருகிவிட்டுத் தொடர்கிறார். சோர்ந்தால் துணை நீச்சலாளர் ஒருவர் இறங்கிச் சிறிது நேரம் பக்கத்தில் நீந்தலாம், அவரும் தொடலாகாது. எட்டும் தூரத்தில் மணிக்கணக்காக இருந்தும் தொடாமல் காக்கும் இந்தத் துணை, கை கொடுத்துத் தூக்குவதைவிடக் கடினமானது என்றே எனக்குத் தோன்றுகிறது. கண் இமைக்காமல் பார்த்திருக்க வேண்டும்; எந்தக் கணத்தில் விதியை விட்டு உயிரைப் பற்ற வேண்டும் என்றும் அறிந்திருக்க வேண்டும். அத்தனை காவலும் சில வேளை போதாது. ஆழிக்குமரன் ஆனந்தன் 1984-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிர்நீத்தார்.

ஆங்கிலக் கால்வாயைக் குழுவாக, தொடர் நீச்சலாகவும் கடக்கலாம். ஒருவர் ஒரு மணி நேரம் நீந்துவார். பிறகு அடுத்தவர் இறங்குவார். தொடங்கிய வரிசையை இடையில் மாற்ற இயலாது. ஒருவர் தம் முறை வரும்போது இறங்க மறுத்தாலோ, ஒரு மணி நேரத்தை நிறைவு செய்யாமல் ஏறிவிட்டாலோ குழு முழுவதும் தோற்றதாகும். 2018 சூன் மாதத்தில் இந்திய மாற்றுத்திறனாளி நீச்சலாளர் நால்வர் இவ்வாறு அக்கால்வாயை 12 மணி 26 நிமிடத்தில் கடந்தனர். குளிர்ந்த நீரிலிருந்து ஏறி, நடுங்கும் உடலைத் துணியால் போர்த்தி, மூன்று மணி நேரத்தில் மீண்டும் தம் முறை வரும் என்று அறிந்தே அமர்ந்திருப்பது எத்தகைய உறுதி! தமக்காக மட்டும் என்றால் பலர் அந்நேரத்தில் போதும் என்றிருப்பார்கள்.

இவை அருஞ்செயல்கள். நாள்தோறும் நிகழ்வன அல்ல. இனி, எவ்வகைப் பதக்கமும் கருதாமல் காலையில் கடலுக்குச் செல்லும் எளிய மக்களைப் பார்ப்போம். அதற்கு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரம் வரை செல்ல வேண்டும்.

சிட்னியில் மான்லி என்றொரு கடற்கரை உண்டு. அங்கே 2008-இல் ஒரு சிலர் காலையில் சேர்ந்து நீந்தத் தொடங்கினர். அக்குழு பெருகி, ஆண்டின் எல்லா நாள்களிலும் காலை ஏழு மணிக்குக் கூடுகிறது. மழை, குளிர், விடுமுறை எதுவும் விலக்கில்லை. கட்டணம் இல்லை. மான்லிக் கரையிலிருந்து பாறைமுனையைச் சுற்றி ஷெல்லி என்னும் சிறு கடற்கரை வரை சென்று திரும்பினால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர். எல்லாரும் இளஞ்சிவப்பு நிறத்தில் தலையுறை அணிகின்றனர். பார்ப்பவர்க்கு அது வேடிக்கை, பயன் வேறு. நீலக்கடலில் மிதக்கும் கருந்தலையைத் தொலைவிலிருந்து கண்டுகொள்வது அரிது. இளஞ்சிவப்புப் புள்ளியை உடனே காணலாம், எண்ணலாம். படகோட்டுபவர் விலகிச் செல்லவும் அது உதவும்.

அவர்கள் நீந்தும் விரிகுடா 2002 முதல் கடல்வாழ் உயிரினங்களின் காப்பிடம். அங்கே மீன் பிடிக்கலாகாது. ஆதலால் நீந்துவோரின் கீழே பெரிய நீலமீன்களும், மணலோடு மணலாகக் கிடக்கும் கம்பளச் சுறாக்களும் அச்சமின்றி உலவுகின்றன. ஒருவர் கண்டதை நின்று மற்றவருக்குக் காட்டுவார். நால்வர் தலையை நீருக்குள் புதைத்துப் பார்ப்பார்கள். கரையேறியபின் காப்பி அருந்தும் நேரத்தில் அதுவே பேச்சு. நீருக்குள் எல்லாருக்கும் ஒரே உடை, ஒரே தொப்பி. மருத்துவர் யார், கடைக்காரர் யார், ஓய்வுபெற்றவர் யார் என்று அலைக்குத் தெரியாது. வேகமாக நீந்துபவர் முன்னே சென்று பாறைமுனையில் காத்திருப்பார்; மெதுவாக வருபவர் வந்து சேர்ந்தபின் சேர்ந்து திரும்புவார்கள்.

இதே மான்லியில் ஒரு காலத்தில் பகலில் கடலில் குளிப்பது சட்டப்படி குற்றம்! நாகரிகக் குறைவு என்று கருதி, விடியுமுன்னும் இருட்டியபின்னும் மட்டுமே கடலில் இறங்க அன்றைய அரசு இசைந்தது. 1902 அக்டோபரில் வில்லியம் கோச்சர் என்னும் உள்ளூர்ச் செய்தித்தாள் ஆசிரியர், தாம் நண்பகலில் கடலில் இறங்கப்போவதாகத் தம் தாளிலேயே அறிவித்துவிட்டு இறங்கினார். மறு ஆண்டே நகராட்சி தடையைத் தளர்த்தியது. உரிமை கிடைத்தது, மக்கள் திரண்டனர். நீந்தத் தெரியாதவர்களும் இறங்கியதால் இறப்புகள் தொடர்ந்தன. அதன்பின்னரே தன்னார்வ உயிர்காப்போர் சங்கங்கள் கடற்கரைதோறும் தோன்றி, 1907-இல் ஓர் அமைப்பாகத் திரண்டன. அவர்களிடம் இருந்த கருவி மிக எளியது: ஒரு பெரிய சுருளில் சுற்றிய நீண்ட கயிறு. ஒருவர் கயிற்றின் நுனியை இடையில் கட்டிக்கொண்டு மூழ்குபவரை நோக்கி நீந்துவார். மற்றவர்கள் கரையில் வரிசையாக நின்று கயிற்றைத் தலைக்குமேல் ஏந்தி விடுவார்கள்; கை அசைந்ததும் இருவரையும் சேர்த்து இழுப்பார்கள். கட்டுமரத்தின் கயிற்றை இங்கே மீண்டும் காண்கிறோம்.

1938 பிப்ரவரி 6, ஞாயிற்றுக்கிழமை. சிட்னியின் மற்றொரு கடற்கரையான பாண்டையில் ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்தனர். பலர் மணல்திட்டின்மேல் இடுப்பளவு நீரில் நின்றிருந்தபோது பேரலைகள் அடுத்தடுத்து மோதின. திரும்பிய நீர் அவர்களை ஆழத்துக்கு வாரிச் சென்றது. தங்களுக்குள் போட்டி நடத்தக் கூடியிருந்த உயிர்காப்போர் பலர் அன்று கரையில் இருந்தது நற்பேறு. ஏறத்தாழ 250 பேரை அவர்கள் மீட்க வேண்டியிருந்தது. ஐவரைக் காப்பாற்ற இயலவில்லை. அன்று கயிற்றைப் பிடிக்கக் கைகள் இல்லாதிருந்தால் எத்தனை பேர் கரை சேர்ந்திருப்பர்?

அதே பாண்டைக் கடற்கரையில் 1929-இல் உயிர்காப்போர் சிலர் குளிர்காலத்திலும் உடற்பயிற்சி விடாதிருக்க ஒரு சங்கம் தொடங்கினர். பெயர் ‘ஐஸ்பெர்க்ஸ்’, அதாவது பனிப்பாறைகள். உறுப்பினராக நீடிக்க ஒரு நிபந்தனை விதித்தனர்: மே முதல் செப்டம்பர் வரையுள்ள குளிர்காலத்தில் ஒவ்வொரு மாதமும் நான்கு ஞாயிறுகளில் மூன்றிலாவது வந்து நீந்த வேண்டும், இவ்வாறு ஐந்து ஆண்டுகள் செய்ய வேண்டும். வேகம் கேட்கவில்லை, வெற்றி கேட்கவில்லை. வருகையை மட்டுமே கேட்டனர். முதலில் இந்நிபந்தனை வேடிக்கையாகத் தோன்றும். எண்ணிப் பார்த்தால், ஒருவர் வரவில்லை என்பதை மற்றவர் கவனிக்கும் ஏற்பாடு அது. தனியே வாழும் முதியவர் ஒருவர் காலை ஏழு மணிக்கு வராவிட்டால், ஏழரைக்குள் யாரேனும் அவரைத் தேடுவார்கள் என்றால், அக்குழு கடலுக்கு வெளியிலும் அவருக்குப் புணையாகிறது.

இப்போது நம் கடற்கரைக்குத் திரும்புவோம். இங்கும் கடலில் இறங்குவோர் பலர் சேர்ந்தே செல்கிறார்கள். கோடை விடுமுறையிலும் பண்டிகை நாள்களிலும் உள்நாட்டு ஊர்களிலிருந்து நண்பர்கள் கூட்டமாகக் கடற்கரைக்குப் போகிறார்கள். மறுநாள் செய்தித்தாளில் அவர்களுள் ஒருவரோ இருவரோ அலையில் இழுத்துச் செல்லப்பட்ட செய்தி வருகிறது. ஐந்தாறு பேர் உடனிருந்தும் எப்படி நேர்ந்தது? கூட்டமாகப் போவதும் குழுவாகப் போவதும் ஒன்றல்ல என்பதே விடை. கூட்டத்தில் ஒவ்வொருவரும் அலையைப் பார்க்கிறார். குழுவில் ஒவ்வொருவரும் மற்றொருவரைப் பார்க்கிறார். கூட்டத்தில் எத்தனை பேர் நீரில் இருக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. நண்பன் காணாமற்போனது பத்து நிமிடம் கழித்துத் தெரிய வரும். அதற்குள் காலம் கடந்துவிடும்.

வங்கக்கடற்கரையில் உயிர்களைக் கொள்வது பெரும்பாலும் அலையன்று. கரையிலிருந்து கடலை நோக்கி ஓடும் இழுப்பு நீரோட்டம். அலைகள் கரையில் குவிக்கும் நீர் எவ்வழியேனும் திரும்ப வேண்டும். மணல்திட்டில் எங்கு இடைவெளி இருக்கிறதோ அங்கே அது ஒடுங்கி, விரைந்து வெளியேறும். வினாடிக்கு இரண்டு மீட்டரைத் தாண்டவும் கூடும். ஒலிம்பிக் வீரரும் எதிர்த்து நெடுநேரம் நீந்த முடியாத வேகம் அது. அலை உடையாமல் அமைதியாகத் தோன்றும் பகுதியே பல வேளைகளில் அந்த ஓட்டத்தின் வாய். பழக்கமில்லாதவர் அமைதியைக் கண்டு அங்கேயே இறங்குகிறார். இவ்வோட்டம் ஆளை அடியில் இழுப்பதில்லை, வெளியே கொண்டுபோகிறது. கரையை நோக்கி எதிர்த்துப் போராடுபவர் களைத்து மூழ்குகிறார். அஞ்சாமல் மல்லாந்து மிதக்க வேண்டும். கையை உயர்த்த வேண்டும். இயன்றால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தைவிட்டு விலகியபின் கரைக்குத் திரும்ப வேண்டும். உயர்த்திய கையைக் காணக் கரையில் ஒருவர் இருக்க வேண்டும். சென்னை மெரினாவில் குளிக்கலாகாது என்று காவல்துறை தடுப்பது இக்காரணம் பற்றியே.

நீந்துவோர் காலையைத் தேர்ந்தெடுப்பதற்கும் காரணம் உண்டு. இரவில் நிலம் விரைவில் குளிர்வதால் விடியலில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும். கரையோர நீர் பெரும்பாலும் அடங்கியிருக்கும். வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, நண்பகலுக்குள் கடற்காற்று எழும், அலையும் வளரும். ஆனால் காலைக் காற்று கடலை நோக்கியே வீசுவதால், மிதவையைப் பற்றிக்கொண்டு சோம்பியிருப்பவர் தம்மையறியாமல் வெளியே நகர்ந்துவிடுவார். காலைமாலை இரண்டிலும் கடல் தன் போக்கில் ஒருவரை ஏமாற்றக்கூடும்.

நன்கு நடக்கும் குழுக்கள் எங்கிருந்தாலும் சில வழக்கங்கள் அவற்றுக்குப் பொதுவாக இருப்பதைக் காணலாம். இறங்குமுன் கடலைச் சிறிது நேரம் நின்று பார்ப்பார்கள். அன்றைய நீரோட்டத்தைப் பற்றிக் கரையிலுள்ள மீனவரிடம் கேட்பார்கள். ‘இன்றைக்கு வேண்டாம் ஐயா’ என்று அவர் சொன்னால் வாதாடாமல் திரும்புவார்கள். தலைகளை எண்ணிக்கொண்டே இறங்குவார்கள். இருவர் இருவராக இணைந்திருப்பார்கள். இடையில் கட்டிய சிறு காற்றுமிதவை ஒவ்வொருவர் பின்னாலும் மிதந்து வரும். வேகத்தை முடிவு செய்பவர் கடைசியில் வருபவர். ஒருவர் முடியவில்லை என்றால் அவரோடு மற்றொருவரும் திரும்புவார். திரும்பியவரை யாரும் கேலி செய்வதில்லை. இந்தக் கடைசி வழக்கமே எல்லாவற்றினும் அரியது என்பேன். கேலிக்கு அஞ்சித் தன் களைப்பை மறைப்பவர் அந்தக் குழுவுக்கே ஆபத்து.

மாணவர்களே, இதைப் படித்துவிட்டு வரும் ஞாயிற்றுக்கிழமையே துபிலிபாளையத்துக்குப் புறப்பட்டுவிட வேண்டாம்! முதலில் நீச்சல்குளத்தில், பயிற்சியாளர் முன்னிலையில் கற்க வேண்டும். மிதக்கத் தெரிந்தபின்னரே விரைவைப் பற்றி நினைக்க வேண்டும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருப்பதால் அது உடலைக் குளத்து நீரைவிடச் சற்று எளிதாகத் தாங்கும். தாங்குகிறது என்பதற்காக அதை நம்பி நெடுந்தூரம் போய்விடுபவரும் உண்டு.

நீந்தி முடித்தவர்கள் கரையேறுகிறார்கள். ஈரத்துணியோடு மணலில் நின்று, ஒருவர் மீண்டும் எண்ணத் தொடங்குகிறார். எண்ணிக்கை சரியாகும்வரை எவரும் காலணி மாட்டுவதில்லை.

சொல்லும் பொருளும்

புணை – மிதவை, தெப்பம், துணை
வேழம் – கொறுக்கை
புதுப்புனல் – ஆற்றில் புதிதாக வரும் வெள்ளம்
ஆழி – கடல்
நீரிணை – இரு பெரிய நீர்ப்பரப்புகளை இணைக்கும் குறுகிய கடல்வழி
வெகுளாமை – சினம் கொள்ளாமை
நாழிகை – 24 நிமிட நேர அளவு, பொதுவாக, வேளை

இலக்கணம் அறிவோம்

கட்டுமரம் – வினைத்தொகை
நெடுந்தூரம் – பண்புத்தொகை
காலைமாலை – உம்மைத்தொகை
கடற்கரை = கடல் + கரை
நீந்தினர் = நீந்து + இன் + அர் (நீந்து – பகுதி; இன் – இறந்தகால இடைநிலை; அர் – பலர்பால் வினைமுற்று விகுதி)

சிந்தித்து விடை எழுதுக

1. ‘தனியாக நீந்திக் கடந்தார்’ என்பதைப் பாதி உண்மை என்று பாடம் கூறுவது ஏன்?
2. மான்லி நீச்சல் குழுவினர் ஒரே நிறத் தலையுறை அணிவதன் பயன் யாது?
3. ‘ஐஸ்பெர்க்ஸ்’ சங்கத்தின் வருகை நிபந்தனை சரியானதா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
4. கூட்டத்துக்கும் குழுவுக்கும் உள்ள வேறுபாட்டை, நீச்சல் அல்லாத வேறொரு நிகழ்வைக் கொண்டு விளக்குக. (திருமலைக்கு நடைபயணம், பள்ளிச் சுற்றுலா, கிராமத் திருவிழா ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.)
5. இழுப்பு நீரோட்டத்தில் சிக்கியவர் செய்ய வேண்டியதை, உம் தம்பிக்கோ தங்கைக்கோ சொல்வதுபோல் ஐந்து வாக்கியங்களில் எழுதுக.

செயல்பாடு

உம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, குளம், ஆறு, கிணறு ஆகியவற்றில் அவர்கள் நீச்சல் கற்ற முறையை எழுதி வருக. அவர்கள் எதைப் புணையாகக் கொண்டார்கள் – வாழைத்தண்டா, சுரைக்குடுக்கையா, உடன் இறங்கிய ஒருவரின் கையா?